கண்ணில் கறுப்புப் பட்டை போட்டால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

நோயாளிகளின் படங்கள், ஸ்கேன்கள், ஆபரேஷன் வீடியோக்களை மருத்துவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று கேட்டிருந்தோம். மருத்துவமனைக்குள் இருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள், படுக்கையில் படுத்திருந்தவர்களின் வீட்டாரும் எழுதியிருக்கிறார்கள். அத்தனை பேரும் மறக்காமல் “என் பெயர் வேண்டாம்” என்று சேர்த்திருந்தார்கள். அந்த உணர்வு நோயாளிக்கும் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: நான் பயிற்சி மருத்துவர். கேஸ் பிரசன்டேஷனில் நோயாளியின் முகத்தைக் காட்டும்போது கண்களின் மேல் கறுப்புப் பட்டை போட்டுவிடுகிறோம். சீனியர்கள் அது போதும் என்கிறார்கள். போதுமா?

போதாது. பழைய பாடப்புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும், அதைப் பார்த்துப் படித்தவர்கள் அதுதான் முறை என்று நம்பிவிட்டார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு தன் பரிந்துரைகளிலேயே இதை எழுதி வைத்திருக்கிறது: கண்பகுதியை மறைப்பது நோயாளியின் அடையாளத்தைக் காக்கப் போதுமானதல்ல. சந்தேகம் இருந்தால் உங்கள் அண்ணன் படத்தையோ அம்மா படத்தையோ எடுத்து, கண்ணை விரலால் மூடிவிட்டுப் பாருங்கள். யார் என்று தெரியாமலா போகும்? தாடை, காது, உதட்டோர மச்சம், முடி நெற்றியில் இறங்கும் விதம் எல்லாம் அப்படியே இருக்கிறதே.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் கண்டுபிடிப்பாரா என்று யோசிக்கிறார்கள். முன்பின் தெரியாதவருக்கு அந்த முகம் யாரோ ஒரு முகம், அவ்வளவுதான். தன் நோய் யாருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று நோயாளி பயப்படுகிறாரோ அவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்கள்: கூட வேலை செய்பவர், பக்கத்து வீட்டுக்காரர், பிரிந்துபோன கணவர். அவர்களுக்குப் பாதி முகமே அதிகம்.

ஆகவே முதலில், முகம் தேவையா என்று கேளுங்கள். கன்னத்தில் தடிப்பு என்றால் கன்னம் போதும். முகவாதம் மாதிரி முழு முகமும் தேவைப்படும் கேஸ் என்றால், பட்டை போட்டு ஏமாற்றிக்கொள்ளாமல் நோயாளியிடம் எழுத்துபூர்வமான ஒப்புதல் வாங்குங்கள், அந்தப் படத்தையே அவரிடம் காட்டி, எங்கே யார் பார்ப்பார்கள் என்று சொல்லி வாங்குங்கள். இதழில் வரப்போகிறது என்றால் கட்டுரையையும் காட்ட வேண்டும். முகம் இல்லாத படத்திலும் கை வளையம், டாட்டூ, மணிக்கட்டில் கட்டிய ஐ.டி. பட்டை, பின்னால் மேஜையில் திறந்து கிடக்கும் கேஸ் ஷீட் இதெல்லாம் இருக்கும். எடுக்கும்போதே நகர்த்திவிட்டால் பின்னால் மறைக்கும் வேலை மிச்சம்.

இன்னொன்று. ஆளைத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக 34 வயதுப் பெண்ணை 50 வயது ஆணாக மாற்றி எழுதுகிறவர்கள் உண்டு. வேண்டாம். அந்தக் கேஸை நம்பிப் படிக்கிறவர் தவறான பாடத்தைப் படிக்கிறார். தேவையில்லாத விவரத்தை விட்டுவிடலாம், பொய்யான விவரத்தைச் சேர்க்கக் கூடாது.

கேள்வி: ரேடியாலஜி பி.ஜி. படிக்கிறேன். சந்தேகமான சி.டி., எம்.ஆர்.ஐ. கேஸ்களை வெளியில் இருக்கும் நிபுணருக்கு அனுப்பும்போது பெயரை நீக்கிவிடுகிறேன். அவசரம் என்றால் மானிட்டரைப் போனில் படமெடுத்து அனுப்புகிறேன். இதில் ஏதாவது சிக்கல் உண்டா?

உண்டு, ஒன்றல்ல, நாலைந்து.

ஸ்கேன் கருவியிலிருந்து வரும் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொதுத் தரநிலை) ஃபைல் வெறும் படமல்ல என்பது உங்களுக்கே தெரியும். படத்தோடு ஒட்டிக்கொண்டு பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண், மருத்துவமனையின் பெயர், அனுப்பிய டாக்டரின் பெயர், ஸ்கேன் எடுத்த நாள், நிமிடம் வரை எல்லாம் வருகிறது. பெயர் என்ற ஒரு கட்டத்தைக் காலி செய்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால், மருத்துவமனை எண்ணை வைத்து ரெக்கார்டு ரூமில் இருக்கும் யாரும் ஒரு நிமிடத்தில் பெயரை எடுத்துவிடலாம். இது போதாதென்று கருவி தயாரிக்கும் கம்பெனிகள் தங்களுக்கென்று தனிக் கட்டங்கள் வைத்திருக்கின்றன, அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று வெளியில் பார்த்தால் தெரியாது. டைகாம் தரநிலையின் 15ஆம் பகுதியில் எதை எதை நீக்க வேண்டும் என்று நீண்ட பட்டியலே இருக்கிறது. கையால் ஒவ்வொன்றாக அழிப்பதை விட்டுவிட்டு, அந்தப் பட்டியலைப் பின்பற்றும் மென்பொருளை உங்கள் துறையில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அல்ட்ராசவுண்ட். அதில் பெயரும் எண்ணும் பெரும்பாலும் படத்தின் மேல் ஓரத்திலேயே எழுத்தாகப் பதிந்திருக்கும். கட்டங்களை எல்லாம் சுத்தமாகத் துடைத்து, ‘பெயர் நீக்கப்பட்டது’ என்று மென்பொருள் சான்று கொடுத்த பிறகும், படத்தைத் திறந்தால் பெயர் பளிச்சென்று மேலே நிற்கும். ஸ்கேன் செய்த காகிதங்களிலும் ஸ்கிரீன்ஷாட்களிலும் இதே கதைதான். மென்பொருளை நம்பினாலும் சரி, கடைசியில் ஒருமுறை கண்ணால் ஒவ்வொரு படத்தையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

தலை ஸ்கேன் இன்னும் வில்லங்கம். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது மூளையோடு மூக்கும் கன்னமும் சேர்ந்தே பதிவாகின்றன, அதிலிருந்து முப்பரிமாண முகத்தை உருவாக்கிவிடலாம். 2019இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் 84 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். ஸ்கேனிலிருந்து செய்த முகங்களையும் அவர்களின் புகைப்படங்களையும், யாருக்கும் கிடைக்கும் ஒரு முக அடையாள மென்பொருளிடம் கொடுத்தார்கள். 70 பேருக்கு அது சரியான ஸ்கேனைத் தேர்ந்தெடுத்தது, அதாவது 83 சதவீதம். அந்த ஸ்கேனில் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்து என்ன பயன்? ஆய்வுக்காகத் தலை ஸ்கேன்களை மொத்தமாகப் பொதுவெளியில் வைப்பவர்கள் முகப்பகுதியை வெட்டும் மென்பொருளைப் பயன்படுத்துவது இதனால்தான். ஒரு நிபுணரிடம் நாலு ஸ்லைஸ் (ஸ்கேனின் ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படம்) காட்டுவதற்கு அவ்வளவு தேவையில்லை, ஆனால் முழு ஃபைலையும் அனுப்பாமல் தேவையான நாலு ஸ்லைஸை மட்டும் அனுப்பலாம் அல்லவா?

போனில் மானிட்டரைப் படமெடுப்பது பற்றி: நாலு மூலையிலும் எழுத்து இருக்கும், அதைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். பக்கத்து மானிட்டரில் அன்றைய நோயாளிகளின் பட்டியல் திறந்திருக்கும், அது யாருக்கும் ஞாபகம் வராது. ஒரு நோயாளிக்கு உதவப் போய் முப்பது பேரின் பெயரை அனுப்பியிருப்பீர்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிகிச்சைக்காகவே கருத்துக் கேட்கிறீர்கள் என்றால், அடையாளத்தை முழுக்க அழித்துவிட்டு “இந்தக் கேஸ் பாருங்க சார்” என்று அனுப்பினால், பதில் வரும்போது எந்தக் கேஸுக்கு வந்தது என்று குழம்பிவிடும். இரண்டு நுரையீரல் கட்டிகளின் பதில் இடம் மாறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனையின் அதிகாரபூர்வ வழி இருந்தால் அதில் முழு விவரத்தோடு அனுப்புங்கள், அதற்குத்தான் அது. இல்லாவிட்டால் ஒரு குறியீடு கொடுங்கள், எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியல் உங்கள் மருத்துவமனையை விட்டு வெளியே போகக் கூடாது.

கேள்வி: லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமராவை விட்டுச் செய்யும் ஆபரேஷன்) செய்கிறேன். வயிற்றுக்குள் எடுக்கும் வீடியோவில் யார் என்று யாருக்குத் தெரியும்? கருத்தரங்கிலும் இணையத்திலும் போடுவதில் என்ன தயக்கம்?

வயிற்றுக்குள் இருக்கும் வரை நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான். பிரிட்டனின் பொது மருத்துவ கவுன்சிலும் எக்ஸ்ரே, எண்டோஸ்கோப்பி, லேப்ராஸ்கோப்பி படங்களைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது. அவற்றை எடுக்கத் தனி ஒப்புதல் தேவையில்லை, அடையாளத்தை நீக்கிய பிறகு கற்பிக்கவும் பயன்படுத்தலாம், ஆனால் இப்படிப் பயன்படுத்தக்கூடும் என்று முடிந்தவரை நோயாளியிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்கிறது.

பிரச்சினை கேமரா வெளியே வரும்போதுதான். லென்ஸில் ரத்தம் பட்டால் துடைக்க வெளியே இழுப்பீர்கள், ரெக்கார்டிங் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பத்து விநாடியில் நோயாளியின் முகம், சுவரில் வெள்ளைப் பலகையில் எழுதிய பெயர், நர்ஸ்கள் எல்லாம் பதிவாகிவிடும். ஒரு மணி நேர வீடியோவை வேகமாக ஓட்டிப் பார்த்து எடிட் செய்கிறவர் கண்ணில் அது படாமல் போவது சகஜம். ஆகவே கேமரா உள்ளே போன பிறகு தொடங்கி, வெளியே வருவதற்கு முன் முடியும் துண்டுகளை மட்டும் வெட்டி எடுத்துச் சேர்ப்பது நல்லது. முழு வீடியோவில் ஆகாததை நீக்குவதைவிட இது பாதுகாப்பு. கருவியே திரை ஓரத்தில் பெயரையும் நேரத்தையும் எழுதுகிறதா என்றும் பாருங்கள். சில கருவிகளில் அந்த எழுத்தைத் தொடங்குவதற்கு முன்பே அணைத்துவிடலாம்.

அப்புறம் ஒலி. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலின்படி, கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று, நோயாளி யார், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். மிக நல்ல பழக்கம். தியேட்டரில் வைத்த கேமராவில் மைக் ஆன் ஆகியிருந்தால் வீடியோவின் முதல் நிமிடத்திலேயே நோயாளியின் முழுப் பெயர் தெளிவான உச்சரிப்பில் பதிவாகியிருக்கும். ஒலியை மொத்தமாக நீக்கிவிட்டு, விளக்கத்தைப் பிறகு தனியாகப் பேசிச் சேருங்கள். நோயாளியே பேசும் வீடியோ என்றால் குரலும் அடையாளம்தான். நோயாளிகளின் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்ட விதிகள் நீக்கச் சொல்லும் 18 வகை அடையாளங்களில், கைரேகை போல ஆளைக் காட்டும் குரல் அடையாளமும் இருக்கிறது. உடலில் பொருத்தும் கருவிகளின் வரிசை எண்ணும் அதே பட்டியலில் உண்டு, ஆகவே பேஸ்மேக்கர் பெட்டியின் ஸ்டிக்கரை நெருக்கத்தில் காட்டுகிறவர்கள் கவனிக்க.

கருத்தரங்கும் இணையமும் ஒன்றல்ல. கருத்தரங்கில் நூறு டாக்டர்கள் பார்ப்பார்கள். இணையத்தில் நோயாளியே ஒருநாள் தேடிப் பார்ப்பார், உங்கள் பெயரும் தேதியும் ஆபரேஷனும் பொருந்தும்போது அது தன் வயிறு என்று அவருக்குப் புரிந்துவிடும். முன்பே சொல்லியிருந்தால் ஒருவேளை பெருமைகூடப் படுவார். சொல்லாமல் போட்டிருந்தால்?

கேள்வி: அப்பாவுக்குக் காலில் ஆறாத புண். டிரஸ்ஸிங் செய்யும்போது டாக்டர் தன் சொந்தப் போனில் இரண்டு மூன்று படம் எடுத்தார். எதற்கு என்று கேட்கத் தயக்கமாக இருந்தது. கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ?

கேளுங்கள். இது உங்கள் அப்பாவின் கால்.

பெரும்பாலும் காரணம் நல்லதாகவே இருக்கும். புண் போன வாரம் எப்படி இருந்தது, இந்த வாரம் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட வார்த்தையைவிடப் படம் உதவும். சீனியரிடம் காட்டிக் கருத்துக் கேட்கவும் எடுப்பார்கள். ஆனால் சொந்தப் போன் என்பதுதான் நெருடல். அந்தப் படம் அவருடைய குடும்பப் படங்களோடு ஒரே கேலரியில் போய் உட்காரும், தானாகவே கிளவுடில் ஏறும், வீட்டில் பிள்ளைகள் போனை வாங்கி விளையாடும்போது கண்ணில் படும். போன் தொலைந்தால் கதை முடிந்தது. இருப்பிடத்தைச் சேமிக்கும் வசதி ஆன் ஆகியிருந்தால் எந்த இடத்தில் எடுத்தது என்பதும் படத்துக்குள்ளேயே இருக்கும்.

இப்படிக் கேட்கலாம்: “டாக்டர், இந்தப் படம் அப்பாவோட ரெக்கார்டுல சேருமா? வேற யாருக்காவது அனுப்புவீங்களா?” இதில் கோபப்பட எதுவும் இல்லை. ரெக்கார்டில் சேர்த்துவிட்டுப் போனிலிருந்து அழிக்கச் சொல்லிக் கேட்கவும் உங்களுக்கு இடம் உண்டு. வகுப்புக்கோ இதழுக்கோ பயன்படுத்தப் போகிறார் என்றால், சிகிச்சைக்கு நீங்கள் போட்ட கையெழுத்து அதற்குச் செல்லாது, தனியாகக் கேட்க வேண்டும். முடியாது என்று சொன்னால் அப்பாவின் சிகிச்சையில் ஒரு மாற்றமும் வரக் கூடாது.

இதைப் படிக்கும் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ட்ரெச்சரில் ஏற்றித் தியேட்டர் வாசலில் நிறுத்திவிட்டு, “வீடியோ எடுக்கலாம்தானே?” என்று கேட்டால் எந்த நோயாளியும் தலையாட்டத்தான் செய்வார். கத்தி உங்கள் கையில் இருக்கிறது. முதல்நாளே, அவர் உட்கார்ந்திருக்கும்போது, முடிந்தால் ஆபரேஷன் செய்யாத வேறொருவர் கேட்பது நியாயம்.

கேள்வி: பவர்பாயிண்டில் பெயர் இருக்கும் ஓரத்தை க்ராப் செய்துவிடுகிறேன். சரிதானே?

திரையில் தெரியாது, ஃபைலுக்குள் இருக்கும். க்ராப் செய்வது மறைப்பதுதான். உங்கள் ஸ்லைடை வாங்கியவர் அதே க்ராப் பட்டனை அழுத்தி ஓரத்தை வெளியே இழுத்தால் பெயர் வந்துவிடும். கறுப்புக் கட்டம் வரைந்து மறைப்பதும் அப்படியே, அதை நகர்த்தினால் போதும். படங்களைச் சுருக்கும் ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ பகுதியில், வெட்டிய பாகங்களை நீக்கும் தேர்வு இருக்கிறது, அதைச் செய்யுங்கள். அதைவிட எளிது, படத்தை வெளியிலேயே வெட்டிச் சேமித்துவிட்டு, வெட்டியதை மட்டும் ஸ்லைடில் ஒட்டுவது. வெட்டிய ஃபைலையும் ஒருமுறை சோதியுங்கள்; 2023இல் கூகுள் பிக்சல் போன்களின் எடிட்டிங் வசதியில், வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டின் நீக்கிய பகுதியை மீட்டெடுக்க முடிகிறது என்று கண்டுபிடித்துப் பெரிய பேச்சானது. கோப்பின் பெயரைப் பார்க்க மறக்காதீர்கள். படத்துக்குள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, ஃபைலுக்கு நோயாளியின் பெயரையே வைத்திருப்பார்கள்!

கேள்வி: முகம் இல்லை, பெயர் இல்லை, தேதி இல்லை. ஆனால் நோய் மிக அரிதானது. இதிலும் பயப்பட வேண்டுமா?

இதில்தான் அதிகம் பயப்பட வேண்டும். சின்னச் சின்ன விவரங்கள் சேர்ந்தால் ஒரு ஆளாகிவிடும். 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வுக்குக் கொடுத்தார்கள். யாரையும் அடையாளம் காண முடியாது என்று ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதி சொன்னார். அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, 20 டாலருக்கு வாக்காளர் பட்டியலை வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்திப் பார்த்து அந்த ஆளுநரின் பதிவையே கண்டுபிடித்துவிட்டார். படம்கூட இல்லை, மூன்று விவரம்தான். உங்கள் கேஸில் நோயே நாலாவது விவரம், செய்தித்தாளில் வந்த விபத்தோ அபூர்வப் பிரசவமோ என்றால் அதுவே போதும். எத்தனை மறைத்தாலும் தெரிந்துவிடும் என்கிற கேஸில் நேராகப் போய் ஒப்புதல் கேட்பதைத் தவிர வழியில்லை. தர மறுத்தால் அந்தக் கேஸ் உங்களோடு நிற்கட்டும்.

கேள்வி: நோயாளி இறந்துவிட்டார். இனி யாரிடம் கேட்பது?

குடும்பத்தாரிடம். இறந்தவருக்கும் ரகசியம் உண்டு. டாக்டர்கள் எடுக்கும் உறுதிமொழியான, உலக மருத்துவச் சங்கத்தின் ஜெனீவா உறுதிமொழியில் ‘நோயாளி இறந்த பிறகும்’ என்ற சொற்களை 1968இல் சேர்த்தார்கள். உயிரோடு இருந்தபோது அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் குடும்பம் சரி என்றாலும் வேண்டாம்.

கேள்வி: எக்ஸ்ரேயை ஏ.ஐ. செயலியில் போட்டு என்ன தெரிகிறது என்று கேட்கிறேன். மனிதர் யாரும் பார்ப்பதில்லையே?

யாரும் பார்ப்பதில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பொதுமக்களுக்கான செயலிகளில் நீங்கள் ஏற்றுவது அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது, எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், பயிற்சிக்குப் பயன்படுத்துவார்களா என்பது அவர்கள் விதிமுறையைப் பொறுத்தது, செட்டிங்ஸைப் பொறுத்தது. வாட்ஸ்அப்பில் சக டாக்டருக்கு அனுப்ப யோசிக்கும் படத்தை இங்கே ஏற்றவும் அதே அளவு யோசியுங்கள். உங்கள் மருத்துவமனை ஒப்பந்தம் போட்டு வாங்கிய மென்பொருள் என்றால் விஷயம் வேறு.

கேள்வி: நேற்று இரவு டாக்டர்கள் குரூப்பில் ஒரு எக்ஸ்ரே போட்டேன். ஓரத்தில் பெயரும் வயதும் இருந்ததை ஒருவர் சொன்ன பிறகுதான் பார்த்தேன். உடனே எல்லோருக்கும் டெலிட் செய்துவிட்டேன். போதுமல்லவா?

குரூப்பில் மறைந்துவிட்டது. ஆனால் பலருடைய போனில் வரும் படம் தானாகவே கேலரியில் சேமிக்கப்படும், சிலர் அதற்குள் ஃபார்வர்ட் செய்திருப்பார்கள், அதையெல்லாம் உங்கள் டெலிட் அழித்துவிடும் என்று நம்ப முடியாது. குரூப்பில் மறுபடி ஒரு வரி போடுங்கள்: “நேற்றைய எக்ஸ்ரேயில் நோயாளி விவரம் இருந்தது, கேலரியிலும் அழித்துவிடுங்கள், யாருக்காவது அனுப்பியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.” கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. உங்கள் துறைத் தலைவரிடமும், நோயாளிகளின் தகவல் பாதுகாப்பைக் கவனிக்க மருத்துவமனையில் ஒருவர் இருந்தால் அவரிடமும் இன்றே சொல்லுங்கள்; நாளை வேறு யாராவது சொல்லித் தெரிந்தால் உங்களுக்குத்தான் சங்கடம். நோயாளியிடம் சொல்வதை அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள், தள்ளிப் போடாதீர்கள். பிறகு உங்கள் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் படங்கள் கேலரியில் தானாகச் சேமிக்கப்படுவதை அணைத்துவிடுங்கள். அடுத்தவர் அனுப்பும் படங்களும் உங்கள் போனில்தானே சேர்ந்துகொண்டிருக்கின்றன.